பயணம் புறப்படுமுன் போனை ஆயத்தம் செய்வோம்



இம்முறை நமது பாடம் பயணத்தைப் பற்றியது. கிளினிக்குக்குப் போகிறோம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போகிறோம். அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கந்தோர் கந்தோராக அலைகிறோம். இன்று பயணம் இல்லாத வீடு தோட்டத்தில் இல்லை. ஸ்மார்ட் போனும் லயத்துக்கு லயம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் போன் நமது பயணத்துக்கு உதவுகிறதா? ஒரு கதையோடு தொடங்குவோம். பெயர் வேண்டாம். இது எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய கதைதான்.

அட்டன் பக்கத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா. அவரை மஹரகமவில் இருக்கும் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும்படி டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். துணைக்கு மகள் போனாள். விடியுமுன் பஸ் ஏறினார்கள். கொழும்பு என்றால் புறக்கோட்டை என்றுதான் இருவருக்கும் தெரியும். ஆகவே புறக்கோட்டை வரை போய் இறங்கினார்கள். அங்கே தமிழில் கேட்டார்கள், அரைகுறைச் சிங்களத்தில் கேட்டார்கள். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கடைசியில் ஓர் ஓட்டோ பிடித்தார்கள். கேட்ட காசைக் கொடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நேரம் பிந்திவிட்டது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

ஓட்டோவுக்குக் கொடுத்த காசு போயிற்று. அன்றைய பேரும் போயிற்று. அதையெல்லாம் விடப் பெரிய நட்டம், வைத்தியம் தொடங்கவேண்டிய நாள் தள்ளிப்போனதுதான். நோய் நமக்காகக் காத்திருக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் சொன்னாள்: "போன் கையிலதாம்மா இருந்துச்சு. அதுல என்னத்தத் தேடுறதுன்னு தெரியல. டேட்டாவும் முடிஞ்சிருச்சு."

அந்தப் போனிலேயே வழி இருந்தது. மஹரகம என்ற ஊர், அவிசாவளையிலிருந்து ஹோமாகம வழியாகக் கொழும்புக்குப் போகும் ஹைலெவல் வீதியிலேயே இருக்கிறது. கொழும்புக்குப் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. அவிசாவளையில் இறங்கி ஹைலெவல் வீதி பஸ்ஸில் மாறியிருந்தால் நேரே மஹரகமவில் இறங்கியிருக்கலாம். முதல்நாள் மாலை லயத்து வாசலில் இருந்தபடியே பத்து நிமிடம் வரைபடத்தைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

ஆகவே இன்றைய பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: போனிடம் வழி கேட்கவேண்டிய இடம் பஸ் ஸ்டாண்ட் அல்ல, நமது வீடு. அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் நமது லயத்தைக் குறிப்போம்

போனுக்குள் இருக்கும் வேலைக் கருவிகளைச் செயலி என்கிறோம். பிள்ளைகள் ஆப் என்பார்கள். அவற்றுள் பயணத்துக்கு முதலாவது கூகுள் மேப்ஸ். அநேகமான ஸ்மார்ட் போன்களில் வாங்கும்போதே இது இருக்கும். இதைத் திறந்தால் ஒரு நீலப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளிதான் நாம்.

போனுக்கு நாம் நிற்கும் இடம் எப்படித் தெரிகிறது? பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா தனது இராணுவத் தேவைக்காக அமைத்த இந்த ஏற்பாடு 1995இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் பொதுமக்களுக்கும் துல்லியமாகக் கிடைக்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சைகை கிடைத்தால் போன் தனது இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு டேட்டா வேண்டாம், ரீலோட் வேண்டாம், சிம்மில் சிக்னல்கூட வேண்டாம். இருப்பிடம் என்னும் லொகேஷன் சுவிட்சைப் போட்டிருந்தால் போதும். ஆனால் பெரிய கட்டிடத்துக்குள்ளும், அடர்ந்த மரத்தின் கீழும், ஒடுங்கிய பள்ளத்திலும் புள்ளி கொஞ்சம் தள்ளி நிற்கும். வெளியே திறந்த இடத்துக்கு வந்து பார்த்தால் சரியாகும்.

இப்போது நீங்கள் வாசலில் நின்று, வரைபடத்தில் உங்கள் லயம் இருக்கும் இடத்தை விரலால் சற்று அழுத்திப் பிடியுங்கள். ஒரு சிவப்புக் குறி விழும். அதை வீடு என்று பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே ஒரு சிறு குறியீடும் இருக்கும். நான்கு எழுத்தும் எண்ணும் கலந்து, ஒரு கூட்டல் அடையாளம், அதன் பின் இரண்டு மூன்று எழுத்து, பிறகு ஊரின் பெயர். இதற்கு பிளஸ் கோட் என்று பெயர். கூகுள் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. விலாசம் இல்லாத இடங்களுக்கும் ஒரு விலாசம் வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். இரண்டு எழுத்தில் முடியும் குறியீடு ஏறத்தாழ 14 மீற்றர் நீளமும் 14 மீற்றர் அகலமும் உள்ள ஒரு சதுரத்தைக் காட்டும். அதாவது தோட்டத்தை மட்டுமல்ல, லயத்தின் எந்தப் பக்கம் என்பதையும் காட்டிவிடும்.

நமக்கு இது சின்ன விடயமல்ல. வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் இல்லாமல், தோட்டத்து ஆபீஸ் விலாசத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கடிதம் வாங்கியவர்கள் நாம். வீட்டைக் குறித்து வைத்தால் போகிறவருக்குத் திரும்பி வர வழி தெரியும். நம்மைத் தேடி வருகிறவருக்கும் வழி தெரியும். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கும்போது, பிரிவின் பெயர், பக்கத்தில் உள்ள ஸ்டோர் அல்லது கோவில், பெரிய ரோட்டிலிருந்து பிரியும் சந்தி ஆகியவற்றோடு இந்தக் குறியீட்டையும் சொல்லலாம். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய இந்தச் சேவை 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. இதற்குக் கட்டணம் கிடையாது.

2. போகும் ஊரை வீட்டிலேயே இறக்கி வைப்போம்

மேப்ஸ் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைக்கலாம். மேப்ஸில் மேல் மூலையில் உள்ள நமது படத்தைத் தொட்டால் ஓஃப்லைன் மேப்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் போய், போகவேண்டிய ஊரும் வழியும் அடங்கும்படி கட்டத்தை இழுத்து வைத்து டவுன்லோட் கொடுக்கவேண்டும். பெரிய கட்டம் என்றால் டேட்டா அதிகம் செலவாகும். டவுனில் உறவினர் வீட்டிலோ பிள்ளை படிக்கும் இடத்திலோ வைஃபை இருந்தால் அங்கே வைத்து இறக்குவது நல்லது.

இறக்கிவிட்டால் வழியில் டேட்டா இல்லாவிட்டாலும் பஸ் எந்த ஊரைத் தாண்டுகிறது என்று நீலப் புள்ளி காட்டும். இறங்கும் இடம் நெருங்கும்போது எழும்பித் தயாராகலாம். "மஹரகம வந்துருச்சா, வந்துருச்சா" என்று பக்கத்தில் இருப்பவரை எழுப்பிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இறக்கிய வரைபடம் வாகனம் ஓட்டும் வழியைத்தான் சொல்லும். நடக்கும் வழியையும் பஸ், ரயில் வழியையும் டேட்டா இல்லாமல் சொல்லாது. ஆகவே எங்கே இறங்குவது, எங்கே மாறுவது என்பதை வீட்டிலேயே பார்த்து ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறுமுன் கண்டக்டரிடமும் ஒருமுறை கேளுங்கள். போன் சொன்னாலும் கண்டக்டர் சொல்வதே அன்றைய நிலவரம்.

எழுதத் தெரியாதவர்களும் மேப்ஸில் தேடலாம். தேடும் பெட்டியின் பக்கத்தில் உள்ள மைக் படத்தைத் தொட்டு, ஊரின் பெயரை வாயால் சொன்னால் போதும்.

3. ஓட்டோக் கூலியை ஏறுமுன் அறிவோம்

கொழும்பு போன்ற நகரங்களில் பிக்மீ, ஊபர் என்னும் இரண்டு செயலிகள் மூலம் ஓட்டோவும் காரும் அழைக்கலாம். பிக்மீ இலங்கையிலேயே 2015இல் தொடங்கியது. ஊபரும் அதே ஆண்டு டிசம்பரில் கொழும்புக்கு வந்தது. நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் குறித்தால், எவ்வளவு காசு வரும் என்று ஏறுமுன்னரே காட்டும். வாகனத்தின் இலக்கமும் சாரதியின் பெயரும் வரும். காசைக் கையிலேயே கொடுக்கலாம், வங்கி அட்டை வேண்டும் என்பதில்லை.

வாகனம் வந்தவுடன் அவசரப்பட்டு ஏறக்கூடாது. போனில் உள்ள இலக்கமும் வாகனத்தின் இலக்கமும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஏறவேண்டும். வேறு இலக்கமானால் ஏறவேண்டாம்.

இந்தச் செயலியில் வாகனம் அழைக்காவிட்டாலும் ஒரு பயன் உண்டு. வீட்டில் இருந்தபடியே போகும் தூரத்துக்கு என்ன கூலி காட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். அப்போது தெருவில் நிற்கும் ஓட்டோவில் பேசும்போது நியாயமான கூலி எது என்று நமக்குத் தெரியும். மீட்டர் உள்ள ஓட்டோவானால் மீட்டரைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏறுமுன் பேசி முடியுங்கள். இறங்கிய பிறகு பேசினால் பேச்சு அவர் பக்கம்தான்.

4. மொழி தெரியாத இடத்தில்

கூகுள் ட்ரான்ஸ்லேட் என்னும் செயலி தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதிக் காட்டும். சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் காட்டும். எழுதியும் கேட்கலாம், பேசியும் கேட்கலாம். கிளினிக் எந்த மாடியில், இந்தத் துண்டை எங்கே கொடுப்பது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்ற அளவுக்கு இது நன்றாக உதவும்.

ஆனால் நம் தோட்டத்துப் பேச்சு அதற்குச் சரியாகப் பிடிபடாது. "பேர் போடல" என்று சொன்னால் அது வேறு ஏதோ அர்த்தம் எடுத்துக்கொள்ளும். ஆகவே புத்தகத்தில் உள்ளது போல, சின்னச் சின்ன வசனமாகச் சொல்லுங்கள். வந்த சிங்களத்தை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். நாம் சொன்னதே திரும்பி வந்தால் காட்டலாம். மருந்து எத்தனை வேளை, ஒப்பரேசன் செய்யச் சம்மதமா என்பது போன்ற விடயங்களில் மட்டும் இதை நம்பவேண்டாம். தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ கூப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பது தயவு கேட்பதல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

போன் இல்லாமலும் கேட்க இரண்டு வசனம் பழகிக்கொள்வோம். "மே பஸ் எக்க மஹரகம யனவாத?" என்றால் இந்த பஸ் மஹரகம போகுமா என்று பொருள். "மட்ட தெமள விதரய் புலுவன்" என்றால் எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று பொருள்.

5. வீட்டில் இருப்பவருக்கு நிம்மதி

வட்ஸ்அப் நமக்குப் பழக்கமானதுதான். அதில் பயணத்துக்கு உதவும் ஒரு வசதியைப் பலர் பாவிப்பதில்லை. செய்தி எழுதும் இடத்தில் உள்ள இணைப்புக் குறியைத் தொட்டு, லொகேஷன், பிறகு லைவ் லொகேஷன் என்று போனால், 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று தெரிவு வரும். ஒன்றைத் தெரிந்து வீட்டாருக்கு அனுப்பினால், நாம் போகப் போக அவர்கள் தமது போனில் பார்க்கலாம். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். வேண்டுமானால் இடையிலும் நிறுத்தலாம். இதற்கு டேட்டா வேண்டும், லொகேஷன் சுவிட்சும் போட்டிருக்கவேண்டும்.

கொழும்பில் வேலை முடிந்து இரவில் தங்குமிடம் திரும்பும் பிள்ளைகளுக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் அண்ணன்மாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: இது பாதுகாப்புக்கு. ஒருவரை நாள் முழுக்க வேவு பார்ப்பதற்கல்ல. அனுப்புவதா வேண்டாமா என்பதைப் போகிறவரே தீர்மானிக்கட்டும்.

வாசிக்கத் தெரியாத தாத்தா, பாட்டிக்கு எழுத்தில் அனுப்பாதீர்கள். "நான் அவிசாவள வந்துட்டேன் அம்மாயி, சாப்டுட்டு அடுத்த பஸ் ஏறுறேன்" என்று குரலிலேயே அனுப்புங்கள். அது போதும்.

6. மழைக்காலத்தில் புறப்படுமுன்

2025 நவம்பர் மாதக் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாட்டில் வீதிகள் உடைந்தன, மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. மின்சாரமும் போன் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும் நாம் மறக்கவில்லை.

மழை நாளில் புறப்படுமுன் போனில் இரண்டு விடயம் பார்க்கவேண்டும். ஒன்று, வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை. மற்றது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. இந்த எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் அவதானமாக இரு. செம்மஞ்சள் என்றால் எந்த நேரமும் வெளியேறத் தயாராக இரு. சிவப்பு என்றால் ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேறு. நாம் போகும் வழியில் உள்ள பிரிவுக்குச் சிவப்பு போட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளினிக் நாளானால் வைத்தியசாலைக்குப் போன் செய்து வேறு நாள் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மேப்ஸில் வழி காட்டுகிறது என்பதற்காக வீதி திறந்திருக்கிறது என்று நினைக்கக்கூடாது. புதிதாக மண் விழுந்த இடம் அதற்கு உடனே தெரியாது. ரயிலில் போகவிருந்தால் ஓடுகிறதா, எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டபிறகு புறப்படுங்கள்.

7. போனை நம்புவோம், துண்டையும் வைத்திருப்போம்

போன் சார்ஜ் இறங்கும், தண்ணீரில் விழும், களவு போகும். ஆகவே ஒரு கடதாசித் துண்டு எழுதிச் சட்டைப் பையிலோ ரவிக்கைக்குள் வைக்கும் பர்ஸிலோ வையுங்கள். அதில் இருக்கவேண்டியவை: வீட்டார் இருவரின் போன் இலக்கம், போகுமிடத்தின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும், இறங்கும் இடம், மாறும் இடம், பாவிக்கும் மருந்தின் பெயர். போனில் நட்சத்திரம், ஹாஷ், பூஜ்ஜியம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்கத்தில் ஓர் எண் வரும். அது அந்தப் போனின் அடையாள இலக்கம். அதைத் துண்டில் எழுதாமல் வீட்டில் எழுதி வையுங்கள். போன் களவு போனால் பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது கேட்பார்கள்.

இன்னும் நான்கு எச்சரிக்கை. செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் "இலவச டேட்டா" லிங்கைத் தொடவேண்டாம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும், ஒருவருக்கும் சொல்லவேண்டாம். போனுக்குப் பூட்டு இலக்கம் போடுங்கள்.

முதலில் சொன்ன அம்மாவின் கதைக்கு வருவோம். இரண்டாம் முறை போகும் முதல்நாள் மாலை, மகள் பக்கத்து லயத்துத் தம்பியோடு இருந்து வரைபடம் இறக்கினாள், வழியைத் துண்டில் எழுதினாள், போனை முழுதாகச் சார்ஜ் போட்டாள். விடியுமுன் புறப்பட்டு, அவிசாவளையில் மாறி, மஹரகமவில் இறங்கி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வைத்தியம் தொடங்கியது. திரும்பும் வழியில் அம்மா சொன்னார்: "இவ்வளவு கிட்டயா இருந்துச்சு? நாமதான் சுத்திட்டோம்."

நினைவில் வைப்போம்

முதல்நாள் மாலை: வரைபடம் இறக்குதல், வழியைத் துண்டில் எழுதுதல், ஓட்டோக் கூலி பார்த்தல், சார்ஜ் போடுதல்.

புறப்படும்போது: அடையாள அட்டை, கிளினிக் துண்டு, கடதாசித் துண்டு, சில்லறைக் காசு.

அவசரத்துக்கு: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்தம் 117, பெண்களுக்கான உதவி 1938, சிறுவர்களுக்கான உதவி 1929.

வீட்டில் செய்து பார்ப்போம்

அ. உங்கள் லயத்தின் பிளஸ் கோட்டைக் கண்டுபிடித்து, காம்பராக் கதவின் உட்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஆ. உங்கள் குடும்பத்தில் அடுத்து யார், எங்கே பயணம் போகிறார்? அவர் எங்கே இறங்கி எங்கே மாறவேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இ. டேட்டாவை நிறுத்திவிட்டு மேப்ஸைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் நீங்கள் பாடத்தில் தேறிவிட்டீர்கள்.

பிள்ளைகளே, இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு. பெரியவர்களே, போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கேட்டுப் படிக்க வெட்கப்படவேண்டாம். போய் வருவோருக்கு எமது நல்வாழ்த்துக்கள்.